பின்னொட்டு

ஒண்டிக்கடையிலிருந்து மேலேறினால்
முதலில் வருவது பழைய பள்ளி.
ஓட்டுக்கூரை, சில்வர் ஓக் வரிசை,
தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி.
அதன் முதுகில்,
காப்பிக்கொட்டை காயவைத்த களத்தில்
கண்ணாடி கண்ணாடியாய் எழும்பியது சர்வதேசப் பள்ளி.
ஆவணத்தில் 'இணைப்பு' என்று இருக்கும்.
பையன்களுக்கு அது 'பின்னாடி'.

கேட் இரண்டு. சீருடை இரண்டு.
ஆழ்துளைக் கிணறு ஒன்று.
வேதியியல் ஆய்வகம் ஒன்று.
சாவி என்னிடம்.

காலையில் பின்னாடிப் பிள்ளைகள்.
மூன்று மணிக்கு மேல், பனி ஏறும் நேரத்தில்,
முன்னாடிப் பிள்ளைகள்.
நடுவில் இருபது நிமிடம் நான் மட்டும்:
பியூரெட் கழுவ,
மீந்ததை ஒரே சீசாவில் சேர்க்க,
ஒழுகுகிற ஏழாம் மேசைக் குழாய்க்கு
வாசலின் தடவ.
என் மகன் ரூஃபஸுக்கு ஏழாம் மேசை.
மீந்ததில் படித்தான்.
அமிலத்துக்குப் பழசு புதுசு தெரியாது.
காரம்தான்
காற்றுப் பட்டால் கொஞ்சம் சோரும்.

ஜனவரியில் சீனாவிலிருந்து ஒன்பது பேர்,
மூன்று வாரத்துக்கு.
கொண்டை ஊசி வளைவுகளைத்
தங்கள் மொழியில் சத்தமாய் எண்ணிக்கொண்டே வந்து
பதினாலாவதில் நிறுத்தி வாந்தியெடுத்தார்களாம்.
"பதினாலு வரைக்கும் எனக்கும் சீன பாஷை வரும்"
என்கிறார் டிரைவர் சின்னையன்.

அதில் ஒருத்தி சியாவ் வென்.
ஆபீசில் 'வெண்' என்று பதிந்துவிட்டார்கள்.
அவள் திருத்தச் சொல்லவில்லை.

அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
ஒரே காலில் நொண்டும்.
அதனால் சேர்ந்து நடக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் ஜவ்வரிசிப் பாயசம்.
கரண்டியில் ஒரு முத்தை நிறுத்தி
வெளிச்சத்துக்குக் காட்டினாள்.
எங்கள் ஊர் டீயில்
இது கறுப்பாய், பெரிதாய், அடியில் கிடக்கும் என்றாள்.
கீழே சேலத்தில் மரவள்ளி அரைக்கும் ஆலையில்
என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட் என்றேன்.
இன்னொரு கிண்ணம் வாங்கினாள்,
அவருக்கு வணக்கம் வைப்பது போல.

கடைசி வாரம்
பிப்பெட்டைத் துடைத்தபடி சொன்னாள்:
என் பள்ளியும் ஒட்டவைத்ததுதான்.
முன்னால் இருப்பது நூற்றுப்பத்து வயது உயர்நிலைப்பள்ளி.
உள்ளே போக ஒரு தேர்வு உண்டு, ஊரே நடுங்கும்.
நான் தோற்றேன்.
அப்பா பணம் கட்டினார், பின்னால் சேர்ந்தேன்.
பேட்ஜில் அவர்கள் பெயர் பெரிதாய்,
எங்களுடையது கீழே எறும்பெழுத்தில்.
கற்பூர மரம் அவர்கள் முற்றத்தில்.
வாசனை மட்டும் சுவர் தாண்டி வரும்.

கையில் இருந்த சீசாவை
எந்தத் தட்டில் வைப்பது என்று
மறந்துபோய் நின்றேன்.
முன்னாடி என்றால் மீந்தது என்றல்லவா
இத்தனை வருடம் கணக்கு வைத்திருந்தேன்.

அன்றைக்கு வகுப்பு நீண்டுவிட்டது.
மூன்று பத்து. கரன்ட் போயிற்று.
பனி சன்னல் வழியாக உள்ளே வர,
ரூஃபஸ் கூட்டம் கதவு வழியாக வந்தது.
வெளியே போகவேண்டியவர்கள் போகவில்லை.
தன் மேசையில் அவளைப் பார்த்து
"ஏழு ஒழுகும்" என்றான், தமிழில்.
அவள் ஏற்கெனவே குழாயடியில்
விரலைக் கொடுத்திருந்தாள்.
ஒருத்தி பிடிக்க, ஒருவன் குடுவையை ஆட்ட,
ஆசிரியர் செல்போன் வெளிச்சத்தில்
இளஞ்சிவப்பு ஒன்று எட்டிப் பார்த்து
மறைந்து
மறுபடி வந்து நின்றது.
பத்து புள்ளி இரண்டு என்றாள் அவள்.
மூன்று என்றான் இவன்.
அவனவன் நோட்டில் அவரவர் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி இறங்கிவிட்டது.
திங்கள் காலை பார்க்கிறேன்,
ஏழாம் மேசைக் குழாயில் ஒரு சீட்டு.
படுத்த கோடு ஒன்று,
அதைக் குத்திக் கீழிறங்கி வளைந்த கோடு ஒன்று.
அவ்வளவுதான் எழுத்து.

மார்ச்சில் வந்த ஆய்வாளர்
கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"என்னம்மா இது?"

"ஒழுகும்னு போட்டிருக்கு சார்."